எழுபத்தெட்டு நிமிடமும் இரண்டு மாதமும்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் அன்று போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பயணியின் பெயர், விமான எண், இருக்கை எண் எல்லாமே கையெழுத்து. கவுன்ட்டர் வரிசைகள் நகரவே இல்லை. இண்டிகோ நிறுவனம் மட்டும் கிட்டத்தட்ட 200 விமானங்களை ரத்து செய்தது. அன்றைக்குப் புயலும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம், இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்குத் தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சின்னஞ்சிறு கோப்பை அனுப்பியிருந்தது. தவறு தெரிந்ததும் 10.57க்கு அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இடையில் இருந்தது 78 நிமிடம். அதற்குள் உலகம் முழுக்க முடங்கிய கணினிகள், மைக்ரோசாஃப்ட் போட்ட கணக்கின்படி, 85 லட்சம்.

பிழை என்ன என்பதை நிறுவனமே பின்னர் ஓர் அறிக்கையில் விளக்கியது. கணினிக்குள் நடக்கும் ஒரு வகைச் செயலைக் கண்காணிக்க 21 விவரங்கள் தேவை என்று வரையறுத்திருந்தார்கள். கணினியில் ஏற்கெனவே இருந்த மென்பொருளோ 20 விவரங்களைத்தான் கொடுத்தது. அதுவரை போன கோப்புகள், 21ஆவது இடத்தில் எது இருந்தாலும் பரவாயில்லை என்று விட்டிருந்ததால் குறை வெளியே தெரியவில்லை. ஜூலை 19 அன்று போன கோப்பு முதன்முறையாக அந்த இடத்தைப் பார்க்கச் சொன்னது. அங்கே எதுவும் இல்லை. மென்பொருள் தனக்குரிய எல்லையைத் தாண்டி நினைவகத்தைத் தொட்டது. அது ஓடிக்கொண்டிருந்தது கெர்னல் எனப்படும் விண்டோஸின் மையப் பகுதியில். அங்கே இப்படி நடந்தால் கணினி மொத்தமாக விழுந்துவிடும். நீலத் திரை வரும். பிறகு கணினி தானாகவே மறுபடி தொடங்கும், அதே கோப்பைப் படிக்கும், மறுபடி விழும்.

சரிசெய்யத்தான் நாள் கணக்கில் ஆனது. பிழையான கோப்பு இணையம் வழியாக ஒரே நேரத்தில் எல்லா இடத்துக்கும் போய்விட்டது. மாற்றுக் கோப்பு அதே வழியில் போக முடியவில்லை, ஏனென்றால் கணினி விழித்து இணையத்தைத் தொடும் முன்பே விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கணினிக்கும் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து, அதை 'சேஃப் மோடில்' ஏற்றி, குறிப்பிட்ட அந்தக் கோப்பைத் தேடி அழிக்க வேண்டியிருந்தது. தொலைவிலிருந்து செய்த தவறைக் கையால்தான் திருத்த முடிந்தது.

இப்போது மீனம்பாக்கத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையிலேயே தெற்கே போகலாம். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர், ஊரப்பாக்கம் தாண்டிக் கூடுவாஞ்சேரியை ஒட்டி எஸ்டான்சியா வளாகம். ஸோஹோ நிறுவனத்தின் தலைமையிடம் அங்கேதான். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில், கணினி வலையமைப்புகளை நிர்வகிக்கும் கருவிகளை எழுதும் நிறுவனமாகத் தொடங்கியது அது. அந்தப் பழைய வேலை இன்றும் 'மேனேஜ்எஞ்ஜின்' என்ற பிரிவாகத் தொடர்கிறது. ஓர் அலுவலகத்தின் ஆயிரக்கணக்கான கணினிகளுக்கும் ஒரே திரையிலிருந்து 'பேட்ச்' எனப்படும் திருத்தங்களை அனுப்புவதற்கென்றே அவர்களிடம் ஒரு மென்பொருள் உண்டு. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் வங்கியின் கணினிக்கு இரவோடு இரவாக அப்டேட் போகிறதென்றால், அதை அனுப்பும் நிரல் இந்தச் சாலையோரத்தில் எழுதப்பட்டதாக இருக்கலாம்.

அந்தப் பிரிவின் இன்னொரு மென்பொருள் 'ஏடி செல்ஃப்சர்வீஸ் பிளஸ்'. ஊழியர்கள் மறந்துபோன பாஸ்வேர்டைத் தாங்களே மாற்றிக்கொள்ள உதவுவது. 2021இல் அதில் ஒரு மோசமான ஓட்டை இருப்பது தெரிய வந்தது. பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழைந்து, தங்கள் நிரலை அந்த சர்வரில் ஓட்ட அது தாக்குபவர்களுக்கு வழி விட்டது. செப்டம்பர் முதல் வாரத்தில் ஸோஹோ ஓட்டையை அடைத்த பதிப்பை வெளியிட்டது. அதற்குள்ளேயே சிலர் அந்த ஓட்டை வழியாக நுழையத் தொடங்கியிருந்தார்கள். செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யும் அந்நாட்டு இணையப் பாதுகாப்பு முகமையும் சேர்ந்து, உடனே அப்டேட் செய்யுங்கள் என்று எச்சரிக்கை விடுத்தன.

அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் திருத்தம் போடாமல் இருந்த சர்வர்களில் சில, சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்துடையவை. நவம்பர் 9 அன்று அந்த வழியாகவே யாரோ உள்ளே புகுந்தார்கள். கண்டுபிடித்தது 2022 ஜனவரி 18 அன்று. அதுவரை 70 நாள் யாருக்கும் தெரியவில்லை. அந்த சர்வர்களில் இருந்தவை 5,15,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள். போரிலும் பேரிடரிலும் பிரிந்துபோன குடும்பங்களை மறுபடி சேர்த்துவைக்கும் பணிக்காக, குறைந்தது 60 நாடுகளின் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் திரட்டியவை. இந்தப் பணி தமிழர்களுக்கு அந்நியமானதல்ல. இலங்கைப் போரில் காணாமல் போனவர்கள் என்று இதே சங்கத்திடம் பதிவானவர்கள் மட்டும் 16,000க்கும் மேல். பிள்ளையைத் தேடும் ஒரு தாய் நம்பிக் கொடுத்த விவரம் எப்படிப்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் திருத்தத்தை உரிய நேரத்தில் போடத் தவறிவிட்டோம் என்பதைச் சங்கம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

ஜூலை 19 கோப்பு யாரையும் கேட்காமல் 78 நிமிடத்தில் லட்சக்கணக்கான கணினிகளுக்குப் போனது, அதனால் அவை விழுந்தன. செப்டம்பர் திருத்தம் இரண்டு மாதம் காத்திருந்தும் போய்ச் சேரவில்லை, அதனால் திருடன் நுழைந்தான். தொலைவிலிருந்து மென்பொருளைப் புதுப்பிப்பது என்ற கலை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. கணினிகளுக்கு மட்டும் என்றிருந்த இந்தச் சிக்கல், இப்போது ஸ்கூட்டருக்கும் கதவுப் பூட்டுக்கும் மின் மீட்டருக்கும் வந்துவிட்டது.

சேலையூரிலோ ராஜகீழ்ப்பாக்கத்திலோ ஒரு அடுக்குமாடி வீட்டின் டிவிக்குப் பின்னால், ஃபைபர் இணைப்பின் ரவுட்டர் பெட்டி இருக்கும். இரவு இரண்டு, மூன்று மணிக்கு விழித்திருப்பவர்கள் கவனித்திருக்கலாம். சில நாள் அந்தப் பெட்டியின் பச்சை விளக்குகள் திடீரென்று எல்லாம் அணையும். கரண்ட் போகவில்லை, மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். சில நொடியில் முதலில் பவர் விளக்கு, அடுத்து ஃபைபர் விளக்கு சிமிட்டி நிலைக்கும், பிறகு இன்டர்நெட், கடைசியில் வைஃபை. சேவை நிறுவனம் புது ஃபர்ம்வேரை ஏற்றி முடித்த நேரமாகவும் அது இருக்கலாம். பெட்டி தன் நினைவகத்தில் வைத்திருக்கும் அடிப்படை நிரல்தான் ஃபர்ம்வேர்.

அந்த வேளையில் உள்ளே என்னென்ன நடக்கிறது? பெரும்பாலும் பேச்சைத் தொடங்குவது பெட்டிதான். குறிப்பிட்ட இடைவெளியில் தன் சர்வரைத் தொடர்புகொண்டு தன் மாடல் எண்ணையும் இப்போதைய பதிப்பு எண்ணையும் சொல்கிறது. புதிது இருந்தால் சர்வர் முதலில் ஒரு குறிப்பை அனுப்பும். இந்தப் பதிப்பு, இந்த மாடலுக்கு, இவ்வளவு பெரிது, இதுதான் இதன் அடையாள எண் என்று அதில் இருக்கும். அந்த அடையாள எண் கோப்பின் ஒவ்வொரு பிட்டையும் கணக்கில் எடுத்து உருவாவது. கோப்பில் ஒரேயொரு பிட் மாறினாலும் அடையாளம் முழுக்க வேறாகிவிடும். கோப்பு வழியில் சிதைந்ததா என்பதை இது காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் அனுப்பியவர் யார்? அதற்குத்தான் மின் கையொப்பம். தயாரிப்பாளரிடம் ரகசியச் சாவி ஒன்று இருக்கும். அதற்கு இணையான பொதுச் சாவி தொழிற்சாலையிலேயே பெட்டிக்குள் பதிக்கப்பட்டிருக்கும். ரகசியச் சாவியால் இட்ட கையொப்பத்தைப் பொதுச் சாவியால் சரிபார்க்கலாம்; பொதுச் சாவியை மட்டும் வைத்துக்கொண்டு கையொப்பத்தைப் போலி செய்ய முடியாது. கையொப்பம் பொருந்தாத ஃபர்ம்வேரை ஒழுங்கான பெட்டி தொடவே தொடாது. சாவி யாருடையது என்பதை உறுதிசெய்யும் சான்றிதழ் விஷயத்தில் ஏமாந்தாலும் வினைதான். 2023 நவம்பரில் அமெரிக்காவின் ரிவியன் மின்வாகன நிறுவனம், தவறான பாதுகாப்புச் சான்றிதழோடு ஓர் அப்டேட்டை அனுப்பிவிட்டது. வண்டிகள் ஓடின, திரைகள் மட்டும் உறைந்துபோயின. சுமார் மூன்று விழுக்காடு வண்டிகளோடு நிறுத்திக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாததுதான்.

மிச்சம் இருப்பது எழுதும் வேலை. இங்கேதான் நல்ல கருவியும் மட்டமான கருவியும் பிரிகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் மேலேயே புதியதை எழுதினால், நடுவில் மின்சாரம் போகும் நொடியில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மின்சாரம் சொல்லிக்கொண்டா போகிறது? நல்ல கருவியின் நினைவகத்தில் இதற்காக இரண்டு தனித்தனி இடங்கள் இருக்கும். முதலாவதில் இருக்கும் நிரல் ஓடிக்கொண்டே, புதியதை இரண்டாவதில் எழுதும். எழுதி முடித்து, கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகு, அடுத்த முறை இரண்டாவதிலிருந்து தொடங்கு என்று ஒரு குறிப்பை மாற்றி வைக்கும். புதிய நிரல் சரியாக எழுந்து, இணையத்தைத் தொட்டு, நலம் என்று தெரிவித்தால்தான் மாற்றம் நிரந்தரம். தெரிவிக்காவிட்டால் கருவி தானாகவே பழையதற்குத் திரும்பும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில், 2016இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து இந்த ஏற்பாடு உண்டு. மலிவான கேமராக்கள் பலவற்றில் இல்லை. இரண்டாவது இடத்துக்கான நினைவகச் செலவை மிச்சம் பிடிப்பதற்காகச் செய்யும் வேலை அது.

திரும்பும் வழி இல்லாவிட்டால் என்னாகும் என்பதை 2017 ஆகஸ்டில் லாக்ஸ்டேட் என்ற அமெரிக்கப் பூட்டு நிறுவனம் காட்டியது. வேறொரு மாடலுக்கான ஃபர்ம்வேரைத் தவறுதலாக அனுப்பியதில் சுமார் 500 வாடிக்கையாளர்களின் வைஃபை பூட்டுகள் செயலிழந்தன. பூட்டைக் கழற்றி நிறுவனத்துக்கு அனுப்பித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அப்டேட் அனுப்புவதற்கென்று திறந்து வைத்த வாசல் வழியாகவே எதிரி வருவதும் உண்டு. மோடம்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க டிஆர்-069 என்ற நெறிமுறை பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதற்கான வழக்கமான வாசல் (போர்ட்) எண் 7547. 2016 நவம்பரில் ஜெர்மனியில் அந்த வாசலைத் தட்டிய ஒரு தாக்குதலில் டாய்ச்சு டெலிகாம் நிறுவனத்தின் ஒன்பது லட்சம் வாடிக்கையாளர்கள் இணைப்பை இழந்தார்கள். 2017 ஜூலையில் நம் பி.எஸ்.என்.எல். வலையமைப்பில் சுமார் 60,000 மோடம்கள் முடங்கின. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்ட் மாற்றப்படாமல் அப்படியே இருந்த மோடம்கள்தான் பலியாயின. பெயரும் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'. வாடிக்கையாளர்கள் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பி.எஸ்.என்.எல். கேட்டுக்கொண்டது. மோடத்தின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் பாஸ்வேர்ட் மாற்ற வேண்டும் என்று தெரிந்த வீடுகள் எத்தனை இருக்கும்? அந்தப் பழியை வாடிக்கையாளர் தலையில் கட்டியது நியாயமில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் வெவ்வேறு பாஸ்வேர்ட் வைத்து அனுப்புவது தொழிற்சாலைக்குப் பெரிய செலவில்லாத வேலை.

எட்டிப்போய்த் தொட முடியாத கருவியைத் தொலைவிலிருந்தே திருத்துவதில் மனிதர்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பதற்கு வாயேஜர்-1 சாட்சி. 1977 செப்டம்பர் 5 அன்று புறப்பட்ட விண்கலம். 2023 நவம்பரில் அது அனுப்பிய தகவல்கள் திடீரென்று அர்த்தமற்றவையாகிவிட்டன. விண்கலக் கணினியின் நினைவகத்தில் ஒரு சில்லு பழுதாகியிருந்தது. அந்தச் சில்லில் இருந்த நிரல் முழுவதையும் வைக்கும் அளவுக்கு வேறெங்கும் ஒரே இடம் இல்லை. நாசா பொறியாளர்கள் நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து, நினைவகத்தில் காலியாக இருந்த வெவ்வேறு இடங்களில் பொருத்தி, துண்டுகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும்படி முகவரிகளையும் மாற்றி எழுதினார்கள். 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். 2,400 கோடி கிலோமீட்டர் தூரம். கட்டளை போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை மணி நேரம். ஏப்ரல் 20 அன்று பதில் வந்தது. வாயேஜருக்குப் பக்கத்தில் போய் சேஃப் மோடில் ஏற்ற ஆள் கிடையாது என்பதால், ஒவ்வொரு எழுத்தையும் பலமுறை சரிபார்த்த பிறகே அனுப்பினார்கள்.

தி. நகரில் பொருத்திய சுமார் 1.4 லட்சம் ஸ்மார்ட் மீட்டர்களுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். வீடு வீடாகப் போய் ஃபர்ம்வேர் மாற்ற மின்வாரியத்தில் ஆளில்லை. அந்த அளவுக்குக் கவனமாக அனுப்ப வேண்டிய பொருள் அது.

வாகனங்களில் இதன் நல்ல பக்கத்தையும் பார்க்கலாம். தரமணியை ஒட்டிய ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013இல் தொடங்கிய ஏதர் நிறுவனம், ஸ்கூட்டரை விற்ற பிறகும் இணையம் வழியாகவே புதிய வசதிகளைச் சேர்க்க முடியும் என்று காட்டியது. 2018இல் டெஸ்லா மாடல் 3 காரின் பிரேக் சரியில்லை என்று அமெரிக்க நுகர்வோர் அமைப்பு ஒன்று குறைசொன்னது. மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும் கார் நிற்க 152 அடி எடுத்தது. சில நாளில் இணையம் வழியாக ஓர் அப்டேட். மறுபடி சோதித்தபோது 133 அடியில் நின்றது. ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் 19 அடி குறைந்தது. 2024 நவம்பரில் மஹிந்திரா தன் புதிய மின்கார்களைச் சென்னையில்தான் அறிமுகப்படுத்தியது. செங்கல்பட்டுக்கு முன்னால் மஹிந்திரா சிட்டியில் இருக்கிறது அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம். அங்கே எழுதும் நிரல் வாங்கியவர் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு வந்து சேரும்.

மோசமான பக்கமும் இதிலேயே இருக்கிறது. பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்ற துணிச்சலில் அரைகுறையாக விற்கும் பழக்கம் வந்துவிட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தயாரான ஓலா ஸ்கூட்டர்கள் 2021 டிசம்பரில் வாடிக்கையாளர் கைக்கு வந்தன. விளம்பரத்தில் சொன்ன குரூஸ் கன்ட்ரோல் வந்தது 2022 ஜூனில். ஏற்றத்தில் பின்னோக்கி உருளாமல் பிடிக்கும் வசதி வந்தது அந்த ஆண்டு டிசம்பரில். பணம் முழுவதையும் முதலிலேயே வாங்கிக்கொண்டு பொருளைத் தவணையில் கொடுப்பது சரியான வியாபாரம் ஆகாது. தொலைவிலிருந்து கொடுக்க முடிந்த கையால் எடுக்கவும் முடியும் என்பதை 2022 நவம்பரில் தமிழகம் பார்த்தது. தனியார் நிறுவனம் அளித்த மென்பொருளில் கோளாறு என்று அரசு கேபிள் டிவி நிறுவனம் அறிவித்த அந்த நாட்களில், செட்-டாப் பாக்ஸ் நல்ல நிலையில் இருந்தும் லட்சக்கணக்கான வீடுகளில் படம் வரவில்லை.

எனவே ஒரு கருவியின் விலையில் பாதி, அதற்குப் பின்னால் எத்தனை ஆண்டு ஆள் இருப்பார்கள் என்பதற்கான விலை. கூகுளும் சாம்சங்கும் தங்கள் உயர்விலை போன்களுக்கு ஏழு ஆண்டு அப்டேட் என்று இப்போது விளம்பரமே செய்கின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் எந்த வீட்டுக் கருவியையும் எல்லாவற்றுக்கும் பொதுவான பாஸ்வேர்டோடு விற்கக் கூடாது. பாதுகாப்பு அப்டேட் எதுவரை வரும் என்பதையும் சொல்லியே விற்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் கண்டிப்பான சட்டத்தை இயற்றியிருக்கிறது; அதன் முக்கிய விதிகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வரும். இந்தியாவில் சிசிடிவி கேமராக்களுக்கு மட்டும் ஒரு நல்ல தொடக்கம் நடந்திருக்கிறது. 2024 ஏப்ரலில் வெளியான அறிவிப்பைத் தொடர்ந்து, ஒரு வருடம் கழித்து, பாதுகாப்புச் சோதனையில் தேறிய கேமராக்களையே விற்க முடியும் என்றாகிவிட்டது. தெருவுக்குத் தெரு கேமரா வைத்திருக்கும் சென்னைக்கு இது அவசியமான விதி. வாகனங்களுக்கும் ஏஐஎஸ்-190 என்ற தரவிதி தயாராகியிருக்கிறது. ரவுட்டருக்கும் பூட்டுக்கும் குழந்தை அறைக் கேமராவுக்கும், அப்டேட் எத்தனை ஆண்டு என்று பெட்டியின் மேலே அச்சிட வேண்டும் என்ற பொதுவான சட்டம் இங்கே இல்லை. அந்தச் சட்டம் வர வேண்டும், சீக்கிரம் வர வேண்டும்.

அதுவரை வாங்குபவர்தான் கேட்க வேண்டும். மேற்குத் தாம்பரத்திலோ மேடவாக்கத்திலோ கடைக்குப் போய் ரவுட்டரோ கேமராவோ ஸ்கூட்டரோ வாங்கும்போது, எத்தனை மெகாபிக்சல், எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "இதுக்கு எந்த வருஷம் வரைக்கும் அப்டேட் வரும்ணா? பில்லுல எழுதித் தருவீங்களா?" என்றும் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணை அவரையே அழைக்கச் சொல்லுங்கள். பதில் கிடைக்காத பொருளை அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ரவுட்டரின் பாஸ்வேர்ட் இன்னும் 'அட்மின்' என்றே இருந்தால், இன்று இரவே மாற்றிவிடுங்கள்.